‘வஞ்சிரம் இல்லை’ என்று சொல்லும் கடை

‘கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் சாப்பிடச் சிறந்த பத்து உணவகங்கள்’ என்று ஒரு பட்டியல் ஒரு மாதமாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள். ஐந்து பேரும் அறுபதைத் தாண்டியவர்கள், மீன் முள்ளை நாக்காலேயே பிரித்தெடுக்கத் தெரிந்த தலைமுறை. அவர்களே இதை ‘சூப்பர் லிஸ்ட்’ என்று அனுப்பியதுதான் என்னைச் சண்டைக்கு இழுத்தது.

பட்டியலைப் பொறுமையாகப் படித்தேன். குளிர்சாதன வசதி எழுதியிருக்கிறது. கார் நிறுத்த இடம், குழந்தைகள் விளையாட இடம், படம் எடுத்துக்கொள்ள அலங்கார வளைவு எல்லாம் எழுதியிருக்கிறது. எந்தக் கடையில் என்ன மீன் நன்றாக இருக்கும், அது எந்தத் துறையிலிருந்து வருகிறது, எந்த மாதத்தில் போகவேண்டும் என்று ஒரு வரி இல்லை. மீனைப் பற்றி ஒன்றுமே இல்லாத மீன் பட்டியல்!

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். வங்கியில் ஆய்வாளராக இருந்தவன் நான். வேலைக்காலத்தில் பாதி, கிளை கிளையாகப் போய்க் கணக்குப் பார்ப்பதில் கழிந்தது. பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோர ஊர்களில் லாட்ஜில் தங்கி, மத்தியானம் அந்தந்த ஊர் மெஸ்ஸில் சாப்பிட்டவன். இப்போது கோபாலபுரத்தில் ஓய்வில் இருக்கிறேன். காந்தி சிலைக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். நாக்கும் இன்னும் வேலை செய்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘இன்னிக்கு அந்த மீன் இல்லை’ என்று சொல்லத் தெரிந்த கடைதான் நல்ல மீன் கடை. வருஷம் முழுக்க ஒரே மெனு அட்டையை நீட்டும் கடை, கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், கடலோடு சம்பந்தமில்லாத கடை.

காரணம் சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருகுவதற்கான தடை. 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாளாயிற்று. கட்டுமரத்துக்கும் சிறிய நாட்டுப்படகுக்கும் தடை இல்லை. ஆகவே அந்த இரண்டு மாதமும் கரைக்கு வருவது கரையோரத்துச் சின்ன மீன்கள்தான். ஆழ்கடல் மீன் வரத்து சுருங்கிவிடும். மேற்குக் கரையின் தடை ஜூனில்தான் தொடங்கி ஜூலை 31-ல் முடிகிறது. அதனால் அங்கிருந்து லாரியில் ஐஸ் போட்டு மீன் வரும். அதில் தப்பே இல்லை. ஆனால் மே மாதத்தில் கடற்கரைச் சாலை உணவகம் ஒன்றில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அலையைப் பார்த்துக்கொண்டே, ‘காலையில் பிடித்தது சார்’ என்று சர்வர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறோமே, அந்த மீன் காலையில் கடலில் இருந்ததா, போன மாதம் குளிர்பதனக் கிடங்கில் இருந்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நான் கேட்டேன். பெயர் வேண்டாம், பெரிய உணவகம். பேரன் பிறந்தநாளுக்காகக் குடும்பத்தோடு போயிருந்தோம். மெனுவில் பாதி மீன்களுக்கு நேராக விலைக்குப் பதில் ‘ஏ.பி.எஸ்.’ என்று மூன்றெழுத்து. அளவைப் பொறுத்து விலையாம். எந்த அளவு, என்ன விலை என்று கேட்டால் சர்வர் உள்ளே போகிறார், மேலாளர் வெளியே வருகிறார். ‘எந்தத் துறை மீன் தம்பி?’ என்றேன். ‘ஃப்ரெஷ் சார்’ என்றார். நான் கேட்டது ஊரை, அவர் சொன்னது குணத்தை. ‘ஃபிஷ் ஃபிங்கர் என்ன மீன்?’ என்றேன். ‘போன்லெஸ் சார்’ என்றார். முள்ளில்லாத மீன் என்று ஒரு சாதி கடலில் இருப்பதாக எனக்குத் தெரியாது. பிறகு அவரே மெதுவாகச் சொன்னார், பாஸாவாம். பாஸா என்பது வியட்நாமின் மேகாங் ஆற்றுப் பக்கம் குளத்தில் வளர்த்து, தோலுரித்து, உறைய வைத்து உலகம் முழுக்க அனுப்பப்படும் கெளுத்தி வகை மீன். ஏழையின் புரதம் என்று பார்த்தால் நல்ல மீன்தான். ஆனால் வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட, குளத்துக் கெளுத்தியா?

இதற்கு முதல் காரணம் உணவகக்காரர்கள் இல்லை, நாம்தான். நம் ஆட்களுக்கு வஞ்சிரம் என்ற ஒரே மீன்தான் மீன். நடுவில் ஒரே எலும்பு, சுற்றிலும் சதை, வட்டத் துண்டு. கல்யாண வீட்டில், ஓட்டலில், வீட்டில் விருந்தாளி வந்தால், எல்லாவற்றுக்கும் வஞ்சிரம். அது இல்லையென்றால் முகம் சுருங்கிவிடுகிறது. எந்த முதலாளிதான் வாடிக்கையாளரின் முகம் சுருங்கச் சம்மதிப்பார்? உறைந்ததோ பழையதோ, எங்கிருந்தாவது வரவழைத்துப் போடுகிறார். கிழங்கானும் காரப்பொடியும் கவலையும் மெனு அட்டையில் ஏறுவதே இல்லை. என் பேரனுக்கு சால்மன் தெரியும், நார்வேயும் தெரியும். கானாங்கெளுத்தி என்று சொன்னால் அது வசைச்சொல் என்று நினைத்துச் சிரிக்கிறான்.

நான் சாப்பிட்ட கடலோரம் இப்படி இல்லை. அங்கே ஊருக்கு ஊர் மீனும் மாறும், மீனின் பெயரும் மாறும். பழவேற்காட்டில் ஏரியும் கடலும் கலக்கிற இடத்து நண்டு. அதை உடைத்துப் போட்டு மிளகு தூக்கலாக ஒரு குழம்பு வைப்பார்கள். சளி பிடித்தவன் அதைச் சாப்பிட்டால் சாயங்காலம் ஆளே மாறிவிடுவான். பரங்கிப்பேட்டையிலும் நண்டுதான் பேச்சு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிற ஊர் அது. மீனைப் படிப்பவர்களும் மீனைச் சமைப்பவர்களும் ஒரே தெருவில் நடப்பதைப் பார்க்கலாம். வேளாங்கண்ணியில் கோயிலிலிருந்து கடலுக்குப் போகும் வழியெல்லாம் மீன் கடைகள். முழு மீனை மசாலா தடவித் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் விரலை நீட்டினால் போதும், உங்கள் கண் முன்னால் எண்ணெயில் இறங்கும். சாதி மதம் பார்க்காமல் வரும் கூட்டம், மாதாவைப் பார்த்துவிட்டு மீனையும் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறும்.

தெற்கே போனால் அகராதியே வேறு. சென்னைக்காரனுக்கு சீலா என்றால் நீண்ட மூக்கும் பல்லும் உள்ள மீன். தூத்துக்குடிக்காரருக்கு சீலா என்றால் நம் வஞ்சிரம். அதுவே கன்னியாகுமரிக்குப் போனால் நெய்மீன். நம் கவலை அங்கே சாளை. நாகர்கோவில் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கை அவித்து, தேங்காய் அரைத்த சாளைக் கறியோடு தருவார்கள். அதற்கு ஈடாக எந்த நட்சத்திர ஓட்டலும் எனக்கு எதையும் போட்டதில்லை. இந்தக் கடைகளில் ஒன்றுக்குக்கூட மெனு அட்டை கிடையாது. ‘இன்னிக்கு என்ன?’ என்று கேட்பதுதான் வழக்கம். பதில் கடலில் இருந்து வரும்.

நம் ஊருக்குள்ளேயும் இதற்குச் சாட்சி உண்டு. சேப்பாக்கத்துச் சந்தில் இருக்கும் நாயர் மெஸ் இன்றைக்கும் மீன் குழம்புச் சாப்பாட்டுக்குக் கூட்டம் சேர்க்கிறது. அலங்காரம் பூஜ்யம். மெரினா மணலில் சுந்தரி அக்கா கடையைத் தேடி வெளியூர்க்காரர்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருப் பக்கத்து உணவகங்களில், வெள்ளைக்காரப் பயணிகளுக்குப் பழகி, அன்றைய பச்சை மீனைத் தட்டில் கொண்டுவந்து மேஜையில் காட்டும் வழக்கம் வந்தது. அதையாவது நான் மனதாரப் பாராட்டுவேன். மீனின் கண்ணைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, பிறகு விலை பேசலாம். காட்டுவதற்கு மீன் இருக்கிற கடைதான் காட்டும்.

நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் செம்மொழிப் பூங்கா வாசலில் என்னிடம் சண்டைக்கு வந்தார். ‘என்னப்பா, நொச்சிக்குப்பத்துல மனுஷன் உக்காந்து சாப்பிடுவானா? ஈ, சாக்கடை, டிராஃபிக். வெளிநாட்டுல பீச் எப்படி இருக்கு தெரியுமா?’ என்றார். அவருக்கு மட்டும் இல்லை, அவரைப் போல நினைக்கும் எல்லோருக்குமாக இங்கே பதில் சொல்கிறேன்.

வெளிநாட்டையே எடுத்துக்கொள்வோம், அதுவும் கடற்கரைக்குப் பேர்போன பிரேசிலை. அந்த நாட்டின் வடகிழக்கில் ஃபோர்த்தலேசா என்று ஒரு நகரம். அங்கே வியாழக்கிழமை இரவு என்றால் நண்டு. கடற்கரைக் குடில்களில் ஊரே உட்கார்ந்து, சின்ன மரச்சுத்தியலால் நண்டு ஓட்டைத் தட்டித் தட்டிச் சாப்பிடும். உள்ளூர்க்காரரும் சுற்றுலாக்காரரும் ஒரே பெஞ்சில். அந்தச் சதுப்புநில நண்டு இணை சேரும் நாட்களில் பிடிப்பதற்கு மட்டும் இல்லை, விற்பதற்கும் அங்கே தடை உண்டு. இங்கே தடைக்காலம் படகுக்கு மட்டும்தான், மெனு அட்டைக்கு இல்லை. இன்னும் தெற்கே பஹியாவில் மீனைத் தேங்காய்ப்பாலிலும் பனை எண்ணெயிலும் மண்சட்டியில் கொதிக்க வைக்கிறார்கள். பெயர் மோக்கேக்கா. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பக்குவம் கலந்தது. இன்று அந்த மாநிலத்தின் பெருமையே அதுதான். அங்கேயும் நம் நண்பரைப் போல் ஆட்கள் உண்டு. பஹியாவின் தலைநகர் சால்வடோரில் 2010-ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் கடற்கரைக் குடில்களை இடித்துத் தள்ளினார்கள். ஆகவே ‘வெளிநாட்டுல எப்படி’ என்று கேட்டால் பதில் இதுதான்: அங்கேயும் இதே சண்டைதான். சுற்றுலாக்காரன் நினைவில் வைத்துக்கொள்வது மட்டும் குடிலைத்தான், கண்ணாடிக் கட்டடத்தை இல்லை.

அடுத்து சாலை. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை போகும் லூப் ரோடு குப்பங்களின் நடுவே போகிறது. குப்பங்கள் சாலைக்கு நடுவே வந்து குந்தவில்லை. இந்த வரிசையை மாற்றிப் பேசுவதில்தான் எல்லா அநியாயமும் தொடங்குகிறது. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போய், அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மீனவர்கள் உயிரிழந்தார்கள். என் வயதுக்காரர்களுக்கு அது நினைவிருக்கும், இருக்கவேண்டும். 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் லூப் ரோட்டு மீன் கடைகளைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகைச் சாலையின் குறுக்கே வைத்து மறித்தார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

சாலையோரத்தில் வண்டி நிறுத்தி மீன் வாங்கியதால் நெரிசல் ஏற்பட்டது உண்மை. ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் யாருக்கும் நல்லதில்லை. அங்காடி வந்ததை நான் குறை சொல்லவில்லை. கூரை, தண்ணீர், வெட்டுவதற்கு மேடை எல்லாம் வேண்டியவைதான். நான் கேட்பது அடுத்த படியை. மீன் விற்பவருக்குக் கூரை கிடைத்தது. மீன் பொரித்து விற்கும் பெண்களுக்கு? அவர்களில் பெரும்பாலோர் இன்னமும் தள்ளுவண்டியோடும் தார்ப்பாய் நிழலோடும்தான் மணலில் நிற்கிறார்கள். புருஷன் அல்லது மகன் விடியலில் கொண்டுவந்ததை வெட்டி, கழுவி, மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சையும் பிசறிக் கல்லில் போடுகிறவர்கள். கடலுக்கும் நம் தட்டுக்கும் நடுவே ஏலக்காரர், லாரி, கிடங்கு, மேலாளர் யாரும் இல்லாத ஒரே உணவகம் அதுதான். அதைத்தான் நாம் ‘ஆக்கிரமிப்பு’ என்கிறோம். இன்னொரு பக்கம் ‘கடலிலிருந்து மேஜைக்கு’ என்று பலகை எழுதி வைத்தவருக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறோம்.

சுத்தம் பற்றி. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கெடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருக்கடையில் அந்த எண்ணெய் என் கண் முன்னால் இருக்கிறது. கறுத்திருந்தால் எழுந்து போய்விடுவேன். உணவகத்துச் சமையலறைக் கதவில் ‘உள்ளே வராதே’ என்று எழுதியிருக்கிறது. எது அதிக நம்பிக்கைக்குரியது? தவிர, அந்தப் பெண்களுக்குக் குடிநீர்க் குழாயும் கழிப்பிடமும் குப்பை அள்ளும் வண்டியும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு அப்புறம் சுத்தம் பேசினால் அது நியாயம். எதையும் கொடுக்காமல் மூக்கைப் பொத்திக்கொள்வது நாகரிகம் ஆகாது.

போன மே மாதம், தடைக்காலத்தின் நடுவில், ஒரு சாயங்காலம் போயிருந்தேன். எனக்கு முன்னால் காரில் வந்த ஒரு தம்பதி வஞ்சிரம் கேட்டார்கள். அந்த அம்மா தலை நிமிராமல், ‘வஞ்சிரம் இன்னிக்கு இல்ல. விசைப்படகு எங்க போச்சு? கிழங்கான் கீது, நெத்திலி கீது’ என்றார். தம்பதி காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். என்னைப் பார்த்து, ‘நைனா, உனுக்கு இன்னா?’ என்றார். கிழங்கான் நான்கு வாங்கினேன். மெல்லிய மீன், மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். அந்த அம்மா நினைத்திருந்தால் ஐஸ் வஞ்சிரம் வாங்கி வைத்து அந்தத் தம்பதியின் காசை எடுத்திருக்கலாம். செய்யவில்லை. இல்லாததை இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இது வெறும் நாக்கு விவகாரம் இல்லை. நாம் வஞ்சிரம் ஒன்றையே கேட்டால் வஞ்சிரம் குறையும், விலை ஏறும், சின்ன மீனுக்கு மதிப்பிருக்காது. சின்ன மீன் பிடிப்பவன் நாட்டுப்படகுக்காரன். அவன் மீனுக்கு விலை இல்லையென்றால் அவன் மகன் கடலுக்குப் போகமாட்டான், அவன் மனைவிக்குக் கல் சூடாகாது. சுறாப்புட்டு எத்தனை உணவகத்தில் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் கட்டாயம் செய்த பண்டம் அது. இருபது வருஷம் கழித்து நம் பேரன்கள் கடற்கரைச் சாலையில் பாஸாவும் சால்மனும் தின்றுகொண்டு, ‘இங்கே முன்பு மீனவர்கள் இருந்தார்களாம்’ என்று சுவரில் மாட்டிய புகைப்படத்தைப் பார்ப்பார்கள்.

ஆகவே மாநகராட்சிக்கும் சுற்றுலாத் துறைக்கும் என் கோரிக்கை இரண்டுதான். ஒன்று, நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர் குப்பம் போன்ற இடங்களில் மீன் பொரிக்கும் பெண்களுக்கு அவர்கள் பெயரிலேயே மேடை, குழாய், விளக்கு, நம்மைப் போன்ற முட்டிவலிக்காரர்கள் உட்கார நாலு பெஞ்சு. இரண்டு, கடல் உணவு விற்கும் எந்த உணவகமானாலும் மீனின் பெயர், வந்த இடம், புதியதா உறைந்ததா என்று பலகையில் எழுதவேண்டும். நகைக்கடையில் தங்கத்துக்கு முத்திரை கேட்கிறோம், மீனுக்கு ஒரு வரி கேட்கக்கூடாதா?

உங்களுக்கும் ஒரு கோரிக்கை. பேரப்பிள்ளைகளோடு மாமல்லபுரமோ புதுச்சேரியோ போகும்போது, மெனு அட்டையைத் திறக்காதீர்கள். ‘இன்னிக்கு என்ன வந்தது? எங்கிருந்து வந்தது? முழு மீனைக் காட்டுங்கள்’ என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதில் சொன்னால் உட்காருங்கள், ‘எல்லாம் இருக்கு சார்’ என்றால் எழுந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு முள் எடுக்கக் கற்றுக்கொடுங்கள். வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தால் அதை மேலே தள்ளிவிடாமல், உங்கள் ஊர்க் கடலோரத்தில் நீங்கள் சாப்பிட்ட மெஸ், தட்டுக்கடை, அங்கே வைத்த மீன், அதன் உள்ளூர்ப் பெயர், எந்த மாதம் என்று எனக்கு எழுதுங்கள். இந்தக் கரையை நடந்து பார்த்தவர்கள் நாம். சரியான பட்டியலை நாமே போடுவோம்.